கோலத்துக்குத் திசையில்லை, எழுத்துக்கு உண்டு

எங்கள் செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை எப்படித் திருப்பி வைத்தாலும் அது அதே கல்தான். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, அறை அறையாக வண்ணச் சாந்து ஊற்றிச் செய்யும் அந்தப் பூ நான்கு பக்கமும் ஒத்திருக்கும். எங்கள் அப்பத்தா வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், போடும் மாக்கோலமும் அப்படித்தான். எந்தத் திசையில் நின்று பார்த்தாலும் ஒரே கோலம். இந்தக் கல்லிலும் கோலத்திலும் தவழ்ந்து வளர்ந்த என் தங்கை மகன், ஆறு வயதில், 'ட' என்ற எழுத்தை இடவலம் மாற்றி எழுதினான். பிள்ளைக்கு ஏதோ கோளாறு என்று வீடே கலங்கியது. கோளாறு ஒன்றுமில்லை. அவன் மூளை நன்றாக வேலை செய்ததால்தான் அப்படி எழுதினான்.

இடப்பக்கம் பார்த்து நிற்கும் மாடும் வலப்பக்கம் பார்த்து நிற்கும் மாடும் ஒரே மாடுதான் என்று அறிவது உயிர் பிழைக்க வேண்டிய அறிவு. மூளை அதைப் பிறவியிலேயே கொண்டிருக்கிறது. எழுத்து வந்து சுமார் 5,000 ஆண்டுகளே ஆகின்றன. அதற்கென்று மூளையில் தனி உறுப்பு உருவாக அந்தக் காலம் போதாது. ஆகவே முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதியில் ஒரு சிறு இடத்தை, இடப்பக்க மூளையின் பின்கீழ்ப் பகுதியில், எழுத்து தனக்காகப் பிடித்துக்கொள்கிறது. பிரெஞ்சு அறிஞர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் குழுவினர் போர்ச்சுகல், பிரேசில் நாடுகளில் எழுத்தறிந்தவர்களின் மூளையையும் அறியாதவர்களின் மூளையையும் ஒப்பிட்டு, 2010-ல் இதை வெளியிட்டார்கள். பெரியவர்களான பிறகு படிக்கக் கற்றவர்களிடமும் அந்த மாற்றம் தெரிந்தது. படிக்கத் தொடங்கும் பிள்ளை, 'திருப்பினாலும் அதுவே' என்ற பழைய அறிவை எழுத்துக்கு மட்டும் மறக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏழெட்டு வயதுக்குள் இது தானாகச் சரியாகிவிடும்.

ஆனால் கண்ணோடு கதை முடிவதில்லை. உண்மையான கடினம் காதில் இருக்கிறது. பேச்சு ஆற்றுநீர் போல ஓடுவது. 'பட்டு' என்ற சொல்லைத் துண்டு துண்டாக யாரும் கேட்பதில்லை. 1979-ல் போர்ச்சுகலில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களிடம் ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்கிவிட்டு மீதியைச் சொல்லச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோரால் முடியவில்லை. வாழ்நாளெல்லாம் அந்த மொழியைப் பேசியவர்கள் அவர்கள். ஒலியை உடைத்துக் கேட்கும் காது இயல்பாக வருவதன்று, எழுத்தோடு சேர்த்துப் பழக்க வேண்டியது.

தமிழில் இந்தப் பழக்கத்துக்கென்று சொந்தமான முடிச்சுகள் உண்டு. ஆங்கிலப் பிள்ளைக்கு 26 எழுத்து, நம் பிள்ளைக்கு 247. அவற்றில் 216 உயிர்மெய்கள் ஒழுங்கான கூட்டுகள்தான் என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்வோம். இதே அமைப்புள்ள கன்னடத்தை ஆராய்ந்த சோனாலி நாக், எழுத்துத் தொகுதி முழுவதும் கைவர ஆரம்பப் பள்ளியின் பல ஆண்டுகள் ஆகின்றன என்று காட்டினார். முதல் வகுப்பு முடிந்ததும் எழுத்து முடிந்தது என்று எண்ணுவது பிள்ளைமேல் நாம் ஏற்றும் வீண்சுமை.

'கொடி' என்ற சொல்லைப் பாருங்கள். வாய் முதலில் 'க்' சொல்கிறது, பிறகு 'ஒ'. கண்ணுக்கோ முதலில் கொம்பு, நடுவில் 'க', கடைசியில் கால். அந்தக் காலும் 'ர' எழுத்தின் சாயலில் நிற்கிறது. என் தங்கை மகன் அதை 'கெரடி' என்று வாசித்தான். அவன் வாசித்ததில் ஒரு நேர்மை இருந்தது. கண்ட வரிசையைச் சொன்னான்.

'பகல்' என்பதிலும் 'பக்கம்' என்பதிலும் ஒரே 'க', இரண்டு ஒலி. தமிழ் பேசி வளர்ந்த பிள்ளை இதைக் கவனிப்பதே இல்லை, வாய் தானாகத் திருத்திக்கொள்ளும். பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலைக்கு வடக்கிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை காரைக்குடிப் பள்ளியில் உட்கார்ந்தால் நிலைமை வேறு. இந்தியில் இந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. அவன் தடுமாறினால் அது சோம்பல் அல்ல. விதியை வாய்விட்டுச் சொல்லித்தர வேண்டும்: சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி, இடையில் தனித்து வந்தால் மெல்லிய ஒலி.

குறில், நெடில் வேறுபாட்டுக்கு நம்மிடம் பழைய கருவியே இருக்கிறது. மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் வகுத்தது. 'படம்' என்றால் முதல் எழுத்துக்கு ஒரு நொடிப்பு, 'பாடம்' என்றால் இரண்டு. பிள்ளை விரல் சொடுக்கிச் சொல்லட்டும், நீளத்தைக் காது பிடித்துக்கொள்ளும்.

பாடநூல் 'வந்தார்கள்' என்கிறது. எங்கள் வீட்டில் 'வந்தாக'. சிவகங்கைச் சீமைப் பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் பாதி வேற்றுமொழி. கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986-ல் வாசிப்பை ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனைப் பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் வருவது வாசிப்பு. பேரேடு எழுதிப் பழகிய ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். கதை கேட்டு வளரும் பிள்ளைக்கு இரண்டாவது எண் வளர்கிறது. ஆகவே எழுத்துக்கூட்டத் தெரியும்வரை காத்திராமல் இன்றே கதைப்புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சில பிள்ளைகளுக்கு எழுத்து பிடிபடுவதில்லை. 1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். புத்திசாலி, கணக்கில் கெட்டி, சொற்களை மட்டும் வாசிக்க முடியவில்லை. இன்று அதை டிஸ்லெக்சியா என்கிறோம். எழுத்தைப் புரட்டி எழுதுவதுதான் அதன் அடையாளம் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. பெரும்பாலும் குறை, ஒலியைப் பிரித்துப் பிடிப்பதில் இருக்கிறது. கண்ணாடி மாற்றியும் பயனில்லை, நூறு முறை எழுதவைத்தும் பயனில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களும் இதழ்களுமாகச் சுமார் ஒரு லட்சம் சேர்த்து வைத்த மண் இது. இங்கே 'படிப்பு வராத பிள்ளை' என்ற வசவு சற்றுக் கூடுதலாகவே வலிக்கும்.

அவர்களுக்குத் தேவை ஒலியும் எழுத்தும் நேருக்கு நேராக, சிறு சிறு படிகளாக, மற்றவர்களைவிடப் பல மடங்கு பயிற்சியோடு. பாடத்தை உரக்கப் படித்துக் காட்டவும் வேண்டும், வாசிக்கத் தாமதமாவதால் அறிவியலும் வரலாறும் தவறிப்போகக் கூடாது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் கேட்பது சலுகைப் பிச்சை அல்ல, உரிமை.

பார்வையற்ற பிள்ளைகள் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெய்லில் ஒன்றைக் கண்டு வியந்திருக்கிறேன். அங்கே கொம்பும் காலும் இல்லை. 'கொ' என்பது முதலில் 'க', அடுத்து 'ஒ'. வாய் சொல்லும் வரிசையிலேயே விரலும் போகிறது. அதிலிருந்துதான் எனக்கு வழி கிடைத்தது. தங்கை மகனோடு முகப்பில் உட்கார்ந்து, 'க்' சொல்லி ஒரு புளியங்கொட்டை, 'ஒ' சொல்லி அடுத்த புளியங்கொட்டை, இரண்டையும் விரலால் ஒன்றாகத் தள்ளியபடி 'கொ'. அதற்குப் பிறகே சிலேட்டில் கொம்பு.