நிவாரணம்: இழந்த மாட்டுக்குத் தரும் பணத்தின் பெயர் என்ன?

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாள்களில் தென்பெண்ணை கரைபுரண்டு கடலூர்ப் பகுதிக்குள் புகுந்தது. இறந்த கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 என்று அரசு அறிவித்தது. இந்தப் பணத்தை நிவாரணம், இழப்பீடு, நஷ்டஈடு என்று மூன்று பெயரால் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். மூன்றும் ஒன்றல்ல.

நிவாரணம் வடசொல். 'நி' என்னும் முன்னொட்டும், மறைத்தல், தடுத்தல் என்று பொருள்படும் 'வ்ரு' என்னும் வேரும் சேர்ந்தது. தடுத்தல், விலக்குதல், நீக்குதல் என்பன அதன் பொருள். (பௌத்தர்கள் தியானத்துக்குத் தடையாகச் சொல்லும் ஐந்து 'நீவரணங்களும்' இதே வேரில் பிறந்தவைதான்.) தமிழில் இச்சொல் நோயோடு நெருங்கிப் புழங்கியது, வலி நிவாரணி என்று இன்றும் சொல்கிறோம். துன்பத்தை நீக்கும் செயலுக்கான பெயர், அதற்காகக் கொடுக்கும் அரிசிக்கும் பாய்க்கும் பணத்துக்கும் ஆகிவந்தது.

இழப்பீடு வேறு. 'இடு' என்ற வினை முதல் நீண்டு 'ஈடு' ஆகிறது. கெடு கேடு ஆவதைப் போல. ஈடு என்றால் சமம், பதிலாக வைப்பது. அடகுப் பொருளையும் ஈடு என்போம். ஆகவே இழப்பீடு என்பது இழந்ததற்குச் சமமாகத் தருவது. நஷ்டஈடு அதே பொருள்தான், முன்பாதி மட்டும் வடமொழி.

இப்போது அந்த 37,500 ரூபாயைப் பாருங்கள். நல்ல கறவை மாடு ஒன்றை அந்த விலைக்கு எந்தச் சந்தையில் வாங்க முடியும்? அது மாட்டின் விலையாகக் கணக்கிடப்பட்டதே இல்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, வாழ்வாதாரத்தை மீட்க 'உதவி' என்றே பேசுகிறது. 2022 முதல் 2026 வரைக்கான ஒன்றிய அரசின் நெறிமுறையில் ஒரு குடும்பத்துக்கு மூன்று கறவை மாடுகள் அல்லது முப்பது ஆடுகள் என்ற உச்சவரம்பும் இருந்தது. நான்காவது மாடும் வெள்ளத்தோடு போயிருந்தால் அது கணக்கில் வந்திருக்காது. வரம்பு கட்டிய பணத்தை ஈடு என்று அழைப்பது, மாட்டைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்ற பொய்த்தோற்றத்தை உண்டாக்குகிறது. இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அமெரிக்காவில் கால்நடைப் பண்ணையாளருக்கான திட்டத்தின் பெயரிலேயே இழப்பீடு என்ற பொருள் உண்டு. இயற்கைச் சீற்றத்தில் இறந்த விலங்கின் சராசரிச் சந்தை விலையில் 75 சதவீதம் தருகிறார்கள். அது முழு ஈடு அல்ல; ஆனால் கணக்கு சந்தை விலையிலிருந்து தொடங்குகிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'துயர்துடைப்பு' அழகான சொல், ஏற்கெனவே வழக்கில் உள்ளது. ஆனால் அது செயலுக்குப் பொருந்தும் அளவுக்குத் தொகைக்குப் பொருந்தவில்லை. திருநெடுங்களப் பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு 'இடர் களையாய்' என்று வேண்டுகிறார் சம்பந்தர். நிவாரணத்தின் மூலப்பொருள் அப்படியே அங்கே இருக்கிறது. பேரிடர் என்ற சொல்லும் நம் வாயில் பழகிவிட்டது. எனவே செயலை 'இடர்களைவு' என்றும், கையில் தரும் தொகையை 'இடருதவி' என்றும் சொல்லலாம் என்பது என் கருத்து.

இழப்பீடு என்ற சொல்லுக்கும் இங்கே உரிய இடம் உண்டு: காதில் அடையாள வில்லை போட்டுக் காப்பீடு செய்த மாடு இறந்தால் கேட்பது இழப்பீடுதான், ஏனென்றால் அது ஒப்பந்தப்படி வரவேண்டிய தொகை. வட்டாட்சியருக்கு எழுதும் மனுவில் இப்போதைக்கு 'இடருதவி (நிவாரணம்)' என்று இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். அலுவலகத்துக்கும் குழப்பம் வராது.