டெட்லைன் என்றால் கெடு

1864-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் என்ற இடத்தில் தென்மாநிலப் படை ஒரு போர்க்கைதி முகாமைத் திறந்தது. சுற்றிலும் உயரமான மரச்சுவர். சுவருக்கு உட்புறம் சற்றுத் தள்ளித் தாழ்வாக ஒரு மரச்சட்ட வேலி. அதைத் தாண்டும் கைதியைக் காவலர் சுட்டுவிடலாம். அந்த வேலிக்குத்தான் டெட்லைன், அதாவது சாவுக்கோடு, என்று பெயர். அங்கே அடைபட்ட சுமார் 45,000 பேரில் ஏறக்குறைய 13,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது பசியும் நோயும்.

பிறகு அச்சகத்தார், தாண்டினால் எழுத்து சரியாகப் பதியாது என்ற எல்லையைக் குறிக்க இச்சொல்லை எடுத்துக்கொண்டார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் செய்தி தரவேண்டிய கடைசி நேரத்துக்கு அது பெயரானது. இடத்தைக் குறித்த சொல் நேரத்தைக் குறிக்கத் தொடங்கியது இப்படித்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? புதுச்சொல் ஆக்கவே வேண்டாம், ‘கெடு’ இருக்கிறது. ‘பத்து நாள் கெடு கொடுத்தார்’ என்று ஊரில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். எழுத்தில் ‘காலக்கெடு’. ‘கெட்டுப்போ’ என்பதில் வரும் கெடுதான் இதுவும் என்று நானும் பல வருடம் நினைத்திருந்தேன். இல்லை, இது தெலுங்கின் ‘கடுவு’ என்ற சொல்லிலிருந்து வந்தது. கன்னடத்திலும் அதே சொல், அதே பொருள். காலம் கழிவதைச் சொல்லும் வினையோடு உறவுள்ளது. அதனால் நம் சொல்லில் சாவும் இல்லை, அழிவும் இல்லை. நாட்கள் கடந்து போவது மட்டும்தான் இருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

பக்கத்துச் சொற்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். விண்ணப்பத்துக்குக் ‘கடைசி நாள்’ போதும். ‘வாய்தா’ என்பது வாக்குறுதி என்று பொருள்படும் அரபுச் சொல்லின் வழி வந்தது, இப்போது கோர்ட்டோடு ஒட்டிக்கொண்டது. ‘தவணை’ என்பது பகுதி பகுதியாகக் கட்டுவதற்கு.

நேரத்தைக் கையாளக் கற்றுக்கொள்கிறவர்கள், வேலையையும் பகுதி பகுதியாகப் பிரிக்க, இந்தத் தவணையைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பேன். கெடு என்பது ஒரே ஒரு நாள். அது வரும்வரை என்ன செய்வது என்று அது சொல்லாது. திட்டமிடுவது, தொடங்குவது, நினைவில் வைத்திருப்பது ஆகிய மூளையின் வேலைகள் தடுமாறுவது அந்த இடைவெளியில்தான். குழந்தையிடம் ‘வெள்ளிக்கிழமை ப்ராஜெக்ட் கொடுக்கணும்’ என்று மட்டும் சொன்னால் வியாழன் இரவு வீடே விழித்திருக்கும்.

இதை அடுக்களையில் வைத்துச் சொல்லிக்கொடுப்பது சுலபம். ஞாயிறு காலை எட்டு மணிக்கு இட்லி என்றால் அதுதான் கெடு. மாவு புளிக்க ஒரு ராத்திரி வேண்டும், அதனால் சனிக்கிழமை மாலை அரைத்தாக வேண்டும். அரிசியும் உளுந்தும் ஊற நாலைந்து மணி நேரம், அதனால் மதியமே நனைக்க வேண்டும். உளுந்து தீர்ந்திருந்தால் காலையிலேயே கடைக்குப் போக வேண்டும். காகிதத்தில் இட்லியை முதலில் எழுதச் சொல்லி, அப்புறம் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எழுதச் சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளை உளுந்து டப்பாவைத் தானே திறந்து பார்க்கும்.