நன்றாக இருந்ததாக நினைத்த அந்த மூன்று மாதங்கள்

மனச்சோர்வுக்காக வருபவர்களிடமும் அவர்களை அழைத்து வருபவர்களிடமும் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதற்கு நேர்மாறாக, அளவுகடந்த உற்சாகத்துடன், தூக்கமே தேவைப்படாமல் இருந்த நாட்கள் எப்போதாவது இருந்தனவா?" துயரத்தைச் சொல்ல வந்த இடத்தில் உற்சாகத்தைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று பலரும் திகைக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணியை அவருடைய கணவர் அழைத்து வந்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பல் துலக்கும் பிரஷைக் கையில் பிடித்தபடி குழாயடியில் அரைமணி நேரம் நின்றதாகவும், பற்பசையைப் பிதுக்கக்கூடக் கை எழவில்லை என்றும் அந்தப் பெண்மணி தணிந்த குரலில் சொன்னார். வீட்டில் சிலர் இதைச் சோம்பல் என்றிருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும். இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டிருப்பதோ பிடித்தவற்றில்கூட நாட்டம் அற்றுப்போவதோ நிகழ்ந்து, அதனுடன் தூக்கமும் பசியும் கவனமும் குலைந்து, தான் எதற்கும் உதவாதவர் என்ற குற்றவுணர்வும் சேர்ந்துகொண்டால், அது சிகிச்சை தேவைப்படும் நோய்.

என் கேள்விக்குக் கணவர் சற்றுப் பெருமையுடனேயே பதில் சொன்னார்: "போன வருஷம் நீங்கள் இவளைப் பார்த்திருக்க வேண்டும், டாக்டர். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் தனியாளாகப் பெயிண்ட் அடித்தாள். மூன்று மணி நேரத் தூக்கமே போதும் என்பாள். மூன்று மாதம் அவ்வளவு நன்றாக இருந்தாள்." அந்த மூன்று மாதங்களில் மனைவி வாங்கிய கடன்களும், மேலதிகாரியுடன் சண்டையிட்டு வேலையை உதறியதும் அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக வெளிவந்தன. குடும்பம் நலம் என்று நம்பியது நோயின் மறுமுனையாக இருந்தது.

இருதுருவ மனநோய், அதாவது பைபோலார், என்பது காலையில் சிரித்து மாலையில் அழுவதல்ல. மன எழுச்சி எனப்படும் அளவுகடந்த உற்சாக நிலையும் மனச்சோர்வும் வெவ்வேறு காலங்களில் வரும் நோய் அது. எழுச்சி குறைந்தது ஒரு வாரமும், அதன் மிதமான வடிவம் குறைந்தது நான்கு நாட்களும் நீடிக்கும். சோர்வு பல மாதங்கள்கூடத் தொடரலாம். பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்கும் இந்நோய் பலருக்கு முதலில் மனச்சோர்வாகவே தலைகாட்டுவதால், பழைய எழுச்சியைக் கேட்டறியாவிட்டால் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. பிரித்தறிவது மிக அவசியம். ஏனெனில், இருதுருவ நோய் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் அது சிலரை எழுச்சிக்குள் தள்ளிவிடும். அல்லது மனம் இருண்டிருக்கும்போதே உடலில் வேகம் ஏறும் கலப்பு நிலைக்குக் கொண்டுசெல்லும். தற்கொலை அபாயம் மிகுந்த நிலை அது. சாகும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. கேட்டுவிட்டால் பலர் ஆறுதலுடன் பேசத் தொடங்குகிறார்கள்.

எழுச்சியை லித்தியம் தணிக்கும் என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-இல் எழுதினார். இன்றும் தற்கொலையைக் குறைப்பதில் அம்மருந்துக்குத் தனியிடம் உண்டு. ஆனால் பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு என்பதால், இரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். வயிற்றுப்போக்கால் உடலில் நீர் வற்றினாலோ, ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கிப் போட்டாலோ அளவு ஏறிவிடும். "இப்போது சரியாகிவிட்டதே" என்று மருந்தைத் திடீரென நிறுத்தியவர்கள் எழுச்சியுடன் திரும்பி வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்தக் கணவர் பின்னொரு நாள் கேட்டார்: "இனி இவள் சிரித்தால்கூட நான் சந்தேகப்பட வேண்டுமா, டாக்டர்?" மனைவி தலைகுனிந்திருந்தார். சிரிப்பைக் கவனிக்க வேண்டாம், தூக்கத்தைக் கவனியுங்கள் என்றேன். மகிழ்ச்சியால் ஓர் இரவு விழித்திருந்தவர் மறுநாள் களைத்துப்போவார். எழுச்சி தொடங்குபவரோ தொடர்ந்து இரண்டு மூன்று இரவுகள் தூங்காமலும் களைப்பே அறியாமல் நடமாடுவார். அப்படியானால் அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் உடனே வரச் சொன்னேன். தூங்கிய நேரத்தைக் குறிக்க ஒரு நோட்டு போடலாம் என்று முடிவானது. அதை யார் எழுதுவது என்று கணவர் யோசிப்பதற்குள், "நானே எழுதுகிறேன்" என்றார் அந்தப் பெண்மணி.