ஸ்பானிய வினைச்சொல்: விகுதியும் அழுத்தமும்

ஸ்பானிய மொழியில் 'நான் பேசுகிறேன்' என்று சொல்ல 'ஆப்லோ' என்ற ஒரே சொல் போதும். பேசுபவர் யார் என்பதை இறுதியிலுள்ள 'ஓ' விகுதியே காட்டிவிடுவதால், 'நான்' என்று பொருள்படும் 'யோ' பெரும்பாலும் விடப்படுகிறது. 'வந்தேன்', 'வந்தாய்' என்று பேசிப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானியம் பயில்பவர்கள்தாம் வினைக்கு வினை 'யோ' சேர்த்து, வேண்டாத இடத்திலும் தம்மையே வலியுறுத்துவதுபோல் பேசிவிடுகிறார்கள்.

அகராதியில் வினைகள் ஆர், ஏர், இர் என்னும் மூன்று ஈறுகளுள் ஒன்றைப் பெற்று நிற்கும். 'ஆப்லார்' என்பதில் ஈற்றை நீக்கி, எஞ்சும் பகுதியுடன் விகுதி சேர்த்தால் நிகழ்காலம் கிடைக்கும்: ஆப்லோ (நான்), ஆப்லாஸ் (நீ), ஆப்லா (அவன், அவள்), ஆப்லாமோஸ் (நாம், நாங்கள்), ஆப்லாயிஸ் (நீங்கள்), ஆப்லான் (அவர்கள்). தமிழ் வினை ஆண்பால், பெண்பால் காட்டும்; இது காட்டாது. ஆகவே ஐயம் எழும் இடத்தில் 'எல்' (அவன்) என்றோ 'எயா' (அவள்) என்றோ வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

மரியாதைக்குரிய ஒருவரை 'உஸ்தேத்' என்று அழைக்கும்போது, முன்னிலையில் இருப்பவருக்கே படர்க்கை விகுதி வருகிறது. 'தங்கள் அருள்' என்ற பொருளுடைய பழைய மரியாதைத் தொடர் தேய்ந்து உருவான சொல் அது. அருளைப் படர்க்கையில் வைத்துப் பேசிய வழக்கம் வினையில் இன்றும் தங்கியிருக்கிறது. இதன் பன்மையான 'உஸ்தேதெஸ்', லத்தீன் அமெரிக்காவில் நண்பர்களுக்கும் பொது என்பதால், அங்கு 'ஆப்லாயிஸ்' வழங்குவதில்லை.

தொடக்கநிலையில் பலரைத் திணறடிப்பது, பகுதியே உருமாறும் வினைகள். 'போதேர்' (இயலுதல்) என்பது 'நான்' வரும்போது 'புவேதோ', 'நாம்' வரும்போது 'போதேமோஸ்'. மனப்பாடம் செய்யச் சொல்லும் பாடநூல்கள் இதன் காரணத்தைச் சொல்லியிருந்தால் பாதிச் சுமை குறையும். லத்தீனின் குறில் ஒகரம், அழுத்தம் பெற்ற அசையில் 'உவே' எனத் திரிந்தது; அழுத்தம் பெறாத அசையில் அப்படியே நின்றது. 'புவேதோ'வில் அழுத்தம் பகுதியில் விழுகிறது, 'போதேமோஸ்' என்பதிலோ விகுதிக்கு நகர்ந்துவிடுகிறது. அர்ஜென்டினாவில் 'நீ' என்பதற்கு வழங்கும் 'வோஸ்' உடன் வரும் வினையிலும் இவ்விதி பொருந்துகிறது: ஸ்பெயினில் 'தூ புவேதெஸ்' எனப்படுவது, அங்கே அழுத்தம் கடைசி அசைக்குச் சென்றுவிடுவதால், 'வோஸ் போதேஸ்' என்றே ஒலிக்கிறது.