கர்சர் நின்றால் கண் ஏன் ஓடுகிறது?

டிஜிட்டல் ஓவியம் வரையும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: “லேயர் பேனல் மேல் பேனாவை வைத்துக்கொண்டு, அடுத்து எங்கே நிழல் போடலாம் என்று படத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். சட்டென்று பேனா பக்கத்தில் ஒரு குட்டிப் பெட்டி முளைக்கும், அந்த பட்டன் எதற்கு என்று விளக்கிக்கொண்டு. எட்டு வருடமாக அதே பட்டன்தான். படிக்க வேண்டிய தேவையே இல்லை, ஆனாலும் கண் அங்கே போய்விடுகிறது. எனக்குக் கவனம் போதவில்லையா?”

கவனத்தில் ஒரு குறையும் இல்லை. அவர் கண் செய்வது, மனித இனம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே உயிரினங்கள் கற்றுவைத்த வேலை.

பள்ளியில் படித்ததுதான்: விழித்திரையின் நடுவில் ஃபோவியா என்னும் சிறு குழி, அதில் நெருக்கமாகக் கூம்புச் செல்கள். கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் நாம் உண்மையில் கூர்மையாகப் பார்க்கிறோம். மீதிப் பரப்பில் எழுத்தைப் படிக்க முடியாது. ஆனால் அங்கே ஏதாவது அசைந்தாலோ புதிதாகத் தோன்றினாலோ உடனே தெரிந்துவிடும். மாறாமல் கிடப்பதை அந்த ஓரப்பார்வை பொருட்படுத்துவதே இல்லை. பார்வையை ஒரே புள்ளியில் நிறுத்தினால், ஓரத்தில் அசையாமல் இருக்கும் மங்கலான உருவங்கள் சில விநாடிகளில் மறைந்தே போகும். சுவிட்சர்லாந்து மருத்துவர் டிராக்ஸ்லர் 1804-லேயே இதை எழுதிவைத்தார். திரையைச் சுற்றி ஐம்பது பட்டன் நிற்பது வாசகியைத் தொந்தரவு செய்யாமல், புதிதாக முளைக்கும் ஒரே பெட்டி தொந்தரவு செய்வது இதனால்தான்.

சரி, அந்தப் பெட்டி தோன்றியதும் கண்ணை யார் திருப்புகிறார்கள்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

விழித்திரையிலிருந்து கிளம்பும் நரம்புகளில் பெரும்பங்கு, காட்சியை அலசும், மூளையின் பின்புறத்துப் புறணியை நோக்கிப் போகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் பிரிந்து நடுமூளைக்குப் போகிறது. அங்கே சுப்பீரியர் கொலிகுலஸ் என்று ஒரு சின்ன மேடு, இடம் ஒன்று வலம் ஒன்று. லத்தீனில் கொலிகுலஸ் என்றால் சிறு குன்று. இந்தக் குன்று அடுக்கடுக்காக இருக்கிறது. மேலடுக்கில் நம் பார்வைவெளியின் வரைபடம்: வெளியே ஓரிடத்தில் ஒளி மாறினால், வரைபடத்தில் அதற்குரிய இடத்துச் செல்கள் துடிக்கும். கீழடுக்கில் இன்னொரு வரைபடம், கண்ணை எந்தத் திசையில் எவ்வளவு தூரம் வீச வேண்டும் என்று. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி அமைந்திருக்கின்றன! மேலே ‘இங்கே ஏதோ தோன்றியது’ என்ற புள்ளிக்கு நேர் கீழே ‘இங்கே பார்’ என்ற கட்டளை காத்திருக்கிறது. நரம்பியல் ஆய்வாளர் டேவிட் ராபின்சன் 1972-ல் குரங்குகளின் இந்தக் குன்றில் மெல்லிய மின்முனையால் தொட்டுத்தொட்டுப் பார்த்தார். ஒவ்வோர் இடத்தைத் தூண்டும்போதும் கண் ஒரு குறிப்பிட்ட திசைக்கு, குறிப்பிட்ட தூரம் தாவியது.

அப்படியானால் கண் ஓயாமல் தாவிக்கொண்டே அல்லவா இருக்கும்? அதற்கு ஒரு பூட்டு உண்டு. அதே நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற பகுதியின் ஒரு பிரிவு, குன்றின் கீழடுக்கை இடைவிடாமல் அடக்கி வைத்திருக்கிறது. தாவ வேண்டிய கணத்தில் மட்டும் அடக்குவதை நிறுத்துகிறது. ஆய்வாளர்கள் ஹிகோசாகாவும் வுர்ட்ஸும் 1983-ல் இதைக் காட்டினார்கள். திடீரென்று முளைக்கும் பெட்டி இந்தப் பூட்டை வேகமாக முட்டுகிறது. தோன்றியதிலிருந்து சுமார் 200 மில்லி விநாடியில் கண் கிளம்பிவிடும். மூளையின் முன்பகுதி முயன்று தடுக்கலாம், ஆனால் தடுப்பதும் உழைப்புதான். கண்ணை அசைக்காமல் நிறுத்தினால்கூடக் கவனம் மட்டும் நழுவி அங்கே போய்வரும் என்பதை உளவியலாளர் மைக்கேல் போஸ்னரின் 1980-ஆம் ஆண்டுச் சோதனைகள் காட்டின.

இந்த அறிவின் ஒரு வேர் தவளையில் இருக்கிறது. தவளையின் நடுமூளையிலும் இதே உறுப்பின் மூத்த வடிவம் உண்டு. சிறிதாக, கருப்பாக ஏதாவது அசைந்தால் நாக்கு நீளும். செத்த ஈக்கள் சுற்றிலும் கிடந்தாலும் தவளை அவற்றைச் சீண்டாது. ஆய்வாளர் லெட்வினும் சகாக்களும் 1959-ல் தவளைக் கண்ணின் நரம்புகளை ஆராய்ந்தபோது, இதனால் என்ன பயன் என்று கேட்டு யாராவது பணத்தை நிறுத்தியிருந்தால் நமக்குத்தான் நஷ்டம். அடிப்படை ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பணத்துக்கு மூன்றே வருடத்தில் பலன் கேட்பது தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதே வேளையில், ‘மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்’ என்று நம் ஊர்களில் வகுப்பு நடத்தி, கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைப்பதாகச் சொல்லிப் பெற்றோரிடம் பணம் வாங்கினார்கள். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நடுமூளையை யாரும் புதிதாகத் தூண்ட வேண்டியதில்லை. பிறந்த நாள் முதல் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

அப்புறம், பெட்டியின் பக்கத்துக் கதை. டூல்டிப் என்று அதற்குப் பெயர், தோன்றுவது ஒரு கடிகாரக் கணக்கில். விண்டோஸ் தரும் வழக்கமான டூல்டிப்பில், கர்சர் ஒரு பட்டன் மேல் 500 மில்லி விநாடி அசையாமல் நின்றால் பெட்டி வரும். ஒன்று வந்தபின் பக்கத்துப் பட்டனுக்கு நகர்ந்தால் 100 மில்லி விநாடியே போதும். கை நின்றால் ஆள் குழம்பி நிற்கிறார் என்பது இந்தக் கணக்கின் அனுமானம். புதிதாகக் கற்பவருக்கு அது சரி. ஓவியருக்கோ கை நிற்கும் நேரம்தான் கண் வேலை செய்யும் நேரம். சரியாக அந்த நேரத்தில்தான் பெட்டி வருகிறது.

ஆகவே மனதை அடக்கப் பயிற்சி எடுக்க வேண்டாம், பெட்டியை அணைத்துவிடுங்கள். போட்டோஷாப்பில் எடிட் மெனு, பிரிஃபரன்சஸ், டூல்ஸ் என்று போய் ‘ஷோ டூல்டிப்ஸ்’ டிக்கை எடுங்கள். அசையும் படங்களோடு வரும் பெரிய விளக்கப் பெட்டி மட்டும்தான் தொல்லை என்றால் ‘ரிச் டூல்டிப்ஸ்’ டிக்கை எடுத்தால் போதும். இழுக்கும்போது கர்சர் பக்கத்தில் அகலம் உயரம் காட்டும் எண்களையும் ‘ஷோ டிரான்ஸ்ஃபார்ம் வேல்யூஸ்’ இடத்தில் ‘நெவர்’ என்று வைத்து நிறுத்தலாம். படத்துக்குக் கீழே மிதக்கும் பட்டையை விண்டோ மெனுவில் ‘கான்டெக்ஸ்சுவல் டாஸ்க் பார்’ டிக்கை எடுத்து மறைக்கலாம். கற்கத் தொடங்கிய முதல் சில மாதம் மட்டும் எல்லாம் இருக்கட்டும், ஷார்ட்கட் எழுத்துகளை அந்தப் பெட்டிகள்தான் சொல்லித்தரும்.

முப்பரிமாண உருவங்கள் செய்யும் மென்பொருளான பிளெண்டர் செய்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. அதன் பிரிஃபரன்சஸில் இன்டர்ஃபேஸ் பக்கத்தில் டூல்டிப்பை அணைத்துவிட்டாலும், ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு பட்டன் மேல் போனால் விளக்கம் வரும். அப்போது நாமே கேட்டு வருவதால், பெட்டி தோன்றும் முன்பே கண் அங்கே போய்விட்டிருக்கும்.