கடற்பாசி மாத்திரையும் நிறுத்தப்பட்ட கண் ஊசியும்

விழித்திரை மருத்துவரான என் மேசைக்கு நோயாளிகள் கொண்டுவரும் மாத்திரை டப்பாக்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. நீலக் கடல், ஒரு பழுப்பு இலை, நடுவில் பெரிய கண். 'விழித்திரைச் செல்களைக் காக்கும் கடற்பாசிச் சத்து' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எந்தப் பாசி, எந்தச் சத்து, எத்தனை மில்லிகிராம் என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. டப்பாவையாவது பொறுத்துக்கொள்ளலாம். அதை நம்பி, கண்ணில் போட்டுவந்த ஊசியை நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் என் பொறுமை போய்விடுகிறது.

அண்மையில் வந்தவர் ராமநாதபுரம் பக்கத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவருக்கு ஈர வகை முதுமை மேக்குலா சிதைவு. விழித்திரையின் மையத்துக்கு அடியில் வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைத்து நீர் கசியும் நோய் அது. ஊசி தொடங்கிய பிறகு, விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேனில் நீர் வற்றியிருந்தது. செய்தித்தாளின் சின்ன எழுத்தையும் வாசித்தார். அதோடு ஆளைக் காணோம். பல மாதங்கள் கழித்து மகள் கையைப் பிடித்து அழைத்துவந்தார். மையத்தில் தழும்பு விழுந்திருந்தது. எதிரில் உட்கார்ந்திருக்கும் என் தோள் அவருக்குத் தெரிகிறது, முகம் தெரியவில்லை. "கடலில் விளைவதுதானே டாக்டரம்மா, கண்ணில் ஊசி குத்திக்கொள்வதைவிட நல்லது என்று நினைத்தேன்" என்றார். தழும்பான இடத்தில் பார்வையைத் திருப்பித் தர என்னிடம் ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை.

விளம்பரக்காரர்கள் காட்டும் ஆய்வுகள் பொய்யல்ல. சிக்கலே அங்குதான் இருக்கிறது. அவற்றில் வரும் ஃபியூகாய்டன் என்பது பழுப்புக் கடற்பாசியின் வழவழப்புக்குக் காரணமான ஒரு மாவுப்பொருள். 1913இலேயே சுவீடனில் கைலின் என்பவர் அதைப் பிரித்தெடுத்துவிட்டார். ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் அலெக்சா கிளெட்னரின் குழு அதை விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் நிறமிச் செல்களில் சோதித்துவருகிறது. சில வகைப் பாசிகளின் ஃபியூகாய்டன், ஆக்சிஜனேற்றத் தாக்குதலில் செல்கள் சாவதைக் குறைத்தது. ரத்தக்குழாய்களை முளைக்கத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். புரதத்தையும் குறைத்தது. நாங்கள் ஊசி மூலம் முடக்குவதும் அதே புரதத்தைத்தான். ஆகவே ஆர்வம் நியாயமானது, எனக்கும் இருக்கிறது.

ஆனால் தட்டில் வளர்த்த செல்லைக் காத்த பொருள், விழுங்கினால் கண்ணைக் காக்கும் என்று எப்படி முடிவு செய்தார்கள்? இந்த ஒரு தாவலைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஆய்வகத்தில் ஃபியூகாய்டனைச் செல்கள் மூழ்கியிருக்கும் திரவத்தில் நேராகக் கலக்கிறார்கள். உங்கள் மாத்திரை வயிற்றுக்குப் போகிறது. ஃபியூகாய்டன் மிகப் பெரிய மூலக்கூறு. குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் சேர்வது கொஞ்சம்தான். சேர்ந்ததும் உடல் முழுக்கப் பரவி, ரத்தத்துக்கும் விழித்திரைக்கும் இடையிலுள்ள தடுப்பையும் கடந்தாக வேண்டும். நல்ல மருந்துகளையே அந்தத் தடுப்பு உள்ளே விடாமல் நிறுத்துவதால்தான் நாங்கள் கண்ணுக்குள் ஊசி போடுகிறோம். வேடிக்கைக்காகப் போடவில்லை.

அந்தச் செல்கள் யாருடையவை என்றும் யாரும் கேட்பதில்லை. உலகம் முழுக்க இந்த ஆய்வுகளில் அதிகம் புழங்குவது ஏ.ஆர்.பி.இ.-19 என்ற செல் வரிசை. விபத்தில் இறந்த 19 வயது இளைஞர் ஒருவரின் கண்ணிலிருந்து 1986இல் வளர்த்தெடுத்தது அது. எழுபது ஆண்டு வெளிச்சத்தையும் புகையையும் சர்க்கரையையும் தாங்கிய உங்கள் விழித்திரை வேறு.

இன்னொன்று, ஃபியூகாய்டன் என்பது ஒரே பொருள் அல்ல. பாசியின் இனம், மூலக்கூறின் எடை, பிரித்தெடுத்த முறை ஆகியவற்றைப் பொறுத்து விளைவு மாறுகிறது. சில வகைகள் எதையும் காக்கவில்லை. எங்கள் துறையினர் மட்டும் கவனிக்கும் ஒரு செய்தியையும் சொல்கிறேன்: கண்ணில் தோன்றும் மெலனோமா புற்றின் செல்களையும் சில ஃபியூகாய்டன்கள் அதே ஆக்சிஜனேற்றத் தாக்குதலிலிருந்து காப்பாற்றின. எந்த டப்பாவிலும் இதை அச்சிட மாட்டார்கள்.

மளிகைக் கடையில் கிடைக்கும் கடல்பாசியை நோன்புக் காலத்தில்போல் காய்ச்சி, தினமும் கண்ணுக்காகச் சாப்பிடுகிறவர்களும் வருகிறார்கள். அது சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் அகர். ருசிக்குச் சாப்பிடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. மண்டபம், பாம்பன் பெண்கள் மூழ்கி எடுக்கும் கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் பழுப்பு வகைதான். அவை போவது ஆல்ஜினேட் என்ற பசைப்பொருளை எடுக்கும் ஆலைக்கு. பல் மருத்துவர் அச்செடுக்கும் மாவுவரை அதன் பயன் நீள்கிறது. கரையில் ஒதுங்கியதைப் பொடி செய்து தின்னச் சொல்லும் காணொளிகளைத் தயவுசெய்து நம்பாதீர்கள்.

'இயற்கைதானே, கெடுதல் என்ன' என்பவர்களுக்கு: பழுப்புப் பாசிகள் அயோடினைச் சேர்த்துவைப்பவை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். ஜப்பானியர் சூப்பில் போடும் 'கொம்பு' என்ற பழுப்புப் பாசியில் ஒரே கிராமில் 2,000 மைக்ரோகிராமுக்கு மேலும் இருக்கலாம். தைராய்டு கோளாறால் கண் பிதுங்கும் நோய் இருப்பவர்கள் பாசி மாத்திரைப் பக்கமே போகக் கூடாது. ஹிஜிகி என்ற பாசியில் ஆர்செனிக் இருப்பதால் அதை உண்ண வேண்டாம் என்று பிரிட்டன் உணவுத் தர அமைப்பு 2004இலேயே எச்சரித்தது. ஃபியூகாய்டனுக்கு ஹெப்பாரின்போல ரத்தம் உறைவதைத் தடுக்கும் குணமும் உண்டு. வார்ஃபரின், குளோபிடோகிரெல், ஆஸ்பிரின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொட வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு முன் நாங்கள் கேட்கும்போது 'அது மருந்து இல்லையே' என்று மறைக்கவும் வேண்டாம்.

மாத்திரை ஒன்று சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால், மனிதர்களில் சோதித்த கலவை இருக்கிறது. முதுமைக் கண்நோய்களைப் பற்றி 2013இல் முடிவு வெளியான ஏ.ஆர்.இ.டி.எஸ்.-2 ஆய்வின் கலவையில் வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், தாமிரம், லூட்டீன், சியாக்சாந்தின் இருக்கும். அதுவும் எல்லோருக்கும் அல்ல. மேக்குலா சிதைவு இடைநிலையை எட்டியவர்களுக்கு, ஐந்து ஆண்டுகளில் முற்றிய நிலைக்குப் போகும் அபாயத்தைச் சுமார் 25 சதவீதம் குறைக்கும். வருமுன் தடுக்காது, போன பார்வையைத் தராது. சிகரெட்டை விடாதவர் எதை விழுங்கியும் பெரிய பயனில்லை.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியையும் கதவு நிலையையும் பாருங்கள், பிறகு மறு கண்ணால் பாருங்கள். நேர்கோடு வளைந்தாலோ நடுவில் கறை தெரிந்தாலோ அந்த வாரமே விழித்திரை மருத்துவரிடம் போங்கள். கண்ணாடிக் கடைக்கு அல்ல. ஏற்கெனவே ஊசி போடுகிறவர்கள், பார்வை தெளிந்துவிட்டது என்று தேதியைத் தள்ளாதீர்கள், தெளிந்ததே ஊசியால்தான்.

பலர் நிறுத்துவது பாசி மீதுள்ள நம்பிக்கையால் மட்டும் அல்ல, செலவுக்கு அஞ்சியும்தான் என்பது எனக்குத் தெரியும். வெட்கப்படாமல் சொல்லுங்கள். விலை குறைந்த ஊசி மருந்தான பெவசிசுமாப், விலை உயர்ந்த ரானிபிசுமாபுக்கு இணையாகவே பார்வையைக் காக்கிறது என்று 2011இல் அமெரிக்காவில் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு காட்டியது. மருந்தை மாற்றலாம், இரண்டு ஊசிகளுக்கு இடைப்பட்ட நாட்களை நீட்ட முடியுமா என்றும் பார்க்கலாம். அடுத்த முறை வரும்போது கையில் அந்த டப்பாவையும் கொண்டுவாருங்கள், சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.