பேட்டரி வண்டிதானே என்று சொல்லாதீர்கள்

போன வாரம் குன்னூரில் என் வக்கீல் ஆபீசுக்கு ஒரு அம்மா வந்தார். எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தவர், கையில் கோர்ட் நோட்டீஸ். மகனுக்கு வயது 19, சாப்பாடு டெலிவரி செய்கிறான். மழையும் மூடுபனியுமாக இருந்த ஒரு ராத்திரி, பெட்ஃபோர்டு பக்கம் ஒரு பெரியவரை இடித்துவிட்டான். அவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவர் குடும்பம் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டிருக்கிறது.

"பேட்டரி வண்டிதானுங்க சார். அதுக்கு லைசென்சே வேண்டாம்னு கடையில சொன்னாங்களே" என்றார் அந்த அம்மா. இந்த வருஷம் இதையே நான் கேட்பது நாலாவது தடவை.

சரி, ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சலுகை எல்லா பேட்டரி வண்டிக்கும் கிடையாது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இரண்டையும் அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையம் பார்த்துச் சான்று தந்திருக்க வேண்டும். அப்போதுதான் அது சட்டப்படி மோட்டார் வாகனம் இல்லை. ஒன்று தவறினாலும் பதிவு, நம்பர் பிளேட், லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் வேண்டும்.

கடைக்காரர் பொய் சொன்னார் என்றுகூடச் சொல்ல முடியாது. மலையடிவாரச் சமவெளியில் இருக்கும் மேட்டுப்பாளையத்தில் சின்ன மோட்டாரே போதும், அங்கே அது உண்மையாக இருந்திருக்கும். இங்கே? பள்ளிக்கூட இயற்பியலே போதும். ஆள், வண்டி, பை எல்லாம் சேர்த்து 145 கிலோ. பத்தடிக்கு ஓரடி ஏறும் மேடு. 250 வாட் மோட்டார் அந்தப் பாரத்தை மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில்தான் இழுக்கும். நடந்து போகிறவரே பேசிக்கொண்டு கூட வரலாம். ஆனால் உங்கள் பையன் பஸ் ஸ்டாண்டிலிருந்து சிம்ஸ் பார்க் மேட்டைச் சர்ரென்று ஏறுகிறானே, எப்படி? மோட்டார் பெரிசாக இருக்கும், இல்லையென்றால் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் யாரோ கை வைத்திருப்பார்கள். எதுவானாலும் அது பதிவில்லாத, இன்ஷூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம்தான். ஆப்பில் 'சைக்கிள்' என்று பதிந்திருப்பதால் அது சைக்கிள் ஆகிவிடாது.

இன்ஷூரன்ஸ் இல்லாததற்கு முதல் தடவை அபராதம் 2,000 ரூபாய். கட்டிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அபராதம் அரசுக்குப் போவது. அடிபட்டவருக்குக் கோர்ட் சொல்லும் தொகை வேறு கணக்கு, அது வண்டி உரிமையாளர் தலையில் விழும். இந்த வழக்கில் வண்டி வாங்கிய பில் அந்த அம்மா பெயரில் இருக்கிறது. அவர் தேயிலை பறிக்கிறவர்.

பெட்ரோல் வண்டிக்காரர்களும் நிம்மதியாக இருக்க வேண்டாம். சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் வாடகைக்கும் சரக்கு ஏற்றவும் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். யாரும் படிப்பதில்லை, நானும் இந்தத் தொழிலுக்கு வரும் வரை படித்ததில்லை. டெலிவரிக்கு ஓட்டுவதை இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் சொல்லி, அதற்கேற்ற பாலிசி வாங்குங்கள். உரிமையாளரே ஓட்டினால் 15 லட்சம் ரூபாய்க்கான விபத்துக் காப்பும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். லைசென்ஸ் இல்லையென்றால் அதுவும் கைக்கு வராது.

16 வயதுப் பையனிடம் எக்ஸ்எல் சாவியைக் கொடுக்கும் அப்பாக்களே, அந்த வயதுக்கு அனுமதி 50 சிசி வரைதான். இன்றைய எக்ஸ்எல் 100 சிசியை ஒட்டி நிற்கிறது. இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைப்பதையும் விடுங்கள். எஞ்சினின் இழுப்பு இல்லாமல் பாரம் முழுக்க பிரேக்கில் விழும், டிரம் பிரேக் சூடானால் பிடிக்காது.

டெலிவரி தம்பிகளுக்கு ஒன்று. இணையம் சார்ந்த தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் நலவாரியம் இருக்கிறது, பதிந்து வையுங்கள். 2025-26 பட்ஜெட்டில் 2,000 பேருக்குப் புது இ-ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். அடிபட்டது நீங்களாக இருந்தால் நஷ்ட ஈட்டு மனுவுக்குச் சட்டம் தரும் கெடு ஆறு மாதம். எட்டாம் மாதம் என்னிடம் வந்து அழாதீர்கள்.

அப்புறம், விபத்துக்குப் பிறகு ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய கன்ட்ரோலரைத் திரும்ப மாட்டாதீர்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் திருகாணியில் புதுக் கீறலைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவார். அந்த அம்மாவின் பையன் அதைத்தான் செய்திருக்கிறான்.